எட்டாத உயரத்தில் அழைப்பு மணி

அவள் பயந்த சுபாவக்காரி. அதை மூடி மறைத்துப் பிரயோசனம் இல்லை. காற்றுக்குக் கதவு படாரென்று சாத்தினால் துள்ளி விழுவாள். எதிர்வீட்டு நாய் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாலும் தெருவின் மறுபக்கம் போய்த்தான் நடப்பாள். லிப்ட் ஆகவே ஆகாது. எத்தனை மாடியானாலும் மூச்சு வாங்கப் படியேறுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்த நடையை எல்லாம் கூட்டினால் ஒரு ஊரையே சுற்றி வந்திருக்கலாம். அக்காதான் அவளுக்கு முயல் என்று பெயர் வைத்தாள். ஐம்பதைத் தாண்டி, தலை முக்கால்வாசி நரைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஆனால் பயப்படுகிறவர்களுக்கு நெஞ்சில் உரம் கிடையாது என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

அந்த வீட்டில் அக்காவும் முயலும்தான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, சட்டை தைக்கும் கம்பெனியில் மெஷின் மிதித்து, தங்கையை ஆளாக்கியவள் அக்கா. தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. தங்கைக்குப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்களைப் பார்த்து முயல் நடுங்கிய நடுக்கத்தில் அதுவும் கூடி வரவில்லை. "உனக்குக் கேரட் திங்கிற மாப்பிள்ளையாத்தான்டி தேடணும்" என்று சொல்லிவிட்டு அக்கா அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு நாக்கு நீளம். ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள்; பட்டம் கட்டித்தான் கூப்பிடுவாள். பாலில் தண்ணீர் கலக்கும் பால்காரர் அவளுக்குச் சமுத்திர ராஜா. வாடகைக்கு மட்டும் முகம் காட்டும் வீட்டுக்காரர் பௌர்ணமி. கேட்டவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும், ஆனால் சிரிப்பும் வந்துவிடும்.

முயலுக்குக் கடவுள் கொடுத்த சொத்து அவள் குரல். பயமெல்லாம் கழுத்துக்குக் கீழேயே நின்றுவிடும்போல. குரல் மட்டும் தெளிந்த நீர் மாதிரி வரும். முதலில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மைக் பிடித்தாள். காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்கிற வேலை. அந்தக் குரலைக் கேட்டாலே அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தும் என்பார்கள். கடை மூடிய பிறகு, அந்தக் குரலை நம்பித்தான் இந்தப் புது வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஆன்லைனில் ஒரு பயிற்சி நடக்கிறது. தரமேம்பாட்டுப் பயிற்சி என்று பெயர். போனிலோ கம்ப்யூட்டரிலோ பாடத்தைப் பார்த்துவிட்டு, அவரவர் தங்கள் வார்டில் சரியில்லாத ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். மறுபடி எண்ண வேண்டும். எண்ணியதை வரைபடமாகப் போட்டால், குறையும்போது கோடு கீழே இறங்கும். எல்லோரும் சேரும் ஆன்லைன் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டிக் கை தட்டுவார்கள். இப்படிப் படித்தவர்களுக்கு அது உண்மையிலேயே உதவியதா, சும்மா நேரம் போனதா என்று மதிப்பிட ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கே வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு ஹெட்போன், ஒரு நாற்காலி. அதில் ஒன்றில் முயல்.

பயிற்சி முடித்து சில மாதம் ஆனவர்களுக்கு அவள் போன் போடுவாள். பிடித்திருந்ததா, புரிந்ததா, வேலையில் எதையாவது மாற்றினீர்களா, அதனால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று கேட்பாள். எதிரே திரையில் ஒரு எண்ணும் போன் நம்பரும்தான் வரும். யார், எந்த ஆஸ்பத்திரி என்று அவளுக்கே தெரியாது. கேள்விக்கு முன்னால் ஒரு வாக்கு கொடுக்க வேண்டும்: நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு யாருக்கும் போகாது, உங்களுக்கு இதனால் எந்தத் தொல்லையும் வராது. நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அது அவளுக்கு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. உலகத்தில் அவள் பயப்படாத ஒரே இடம் அந்த நாற்காலிதான்.

அப்படி இருக்கும்போதுதான் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு ஒடிந்தது. ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, எலும்பு வார்டில் படுக்கப் போட்டார்கள். டாக்டர் முயலைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "தானா எழுந்திருக்க விடவே கூடாது. இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா வெச்ச கம்பியும் போயிடும், அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. எது வேணும்னாலும் மணி அடிக்கச் சொல்லுங்க." தலையணையோரம் ஒரு ஒயர், அதன் நுனியில் பொத்தான். அமுக்கினால் சிஸ்டர் உட்காரும் இடத்தில் விளக்கு எரியும், மணி அடிக்கும். முயல் அந்த ஒயரை அக்காவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். அன்றிலிருந்து அவளுக்கு மற்றப் பயமெல்லாம் விட்டுப்போய், ஒரே பயம் பிடித்துக்கொண்டது: அக்கா எழுந்துவிடுவாளோ.

பயந்தது வீணில்லை. பிறர் கையால் மூத்திரம் எடுக்க விடுவதா என்று நினைக்கிற ஆள் அக்கா. இத்தனை வருஷம் ஒருவரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. மணி அடித்தாலும் ஃபேனுக்கும் விளக்குக்கும்தான் அடிப்பாள், இதற்கு அடிக்க மாட்டாள்.

பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான். முயல் போகும்போது வார்டில் சாயங்கால சிஸ்டர் இருப்பார். பகல் சிஸ்டரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அக்கா வாயால் கேட்டதோடு சரி.

"பகல்ல ஒருத்தி வர்றா பாரு, எக்ஸ்பிரஸ் வண்டி. ஒரு ஸ்டேஷன்லயும் நிக்கிறதில்ல. அவ முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன்."

"ஏன்க்கா வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? நம்மளை அவங்க கையில குடுத்திருக்கோம்."

"குடுத்தா? வாங்கிக்க அவ நிக்கணுமே! அது கிடக்கட்டும், மத்தியானம் ஆனா இந்த மணி மேலே பறந்து போயிடுதுடி."

முயலுக்குத் திக்கென்றது. சாயங்கால சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வலி மாத்திரை மயக்கத்தில் அப்படி எல்லாம் தோன்றும் என்றார் அவர். ஒயர் தலையணையோரம் தான் இருந்த இடத்திலேயே இருந்தது. முயலுக்கும் அதை நம்புவதுதான் சௌகரியமாக இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த நம்பரைப் போட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல். வழக்கம்போல வாக்கைக் கொடுத்துவிட்டு, இப்போது பேச வசதிப்படுமா என்று கேட்டாள்.

"கேளுங்க மேடம். இப்ப வார்டுல ஓய்வு நேரம். சத்தமே இல்லை."

"பயிற்சி உங்களுக்குப் பிடிச்சிருந்ததா?"

"ஒரு கையில சாப்பாடு, ஒரு கையில போன், அப்படிப் பார்த்து முடிச்சதுதான். ஆனா நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாங்க. எண்ணிப் பார்க்காம எதையும் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்கன்னாங்க. அது மனசுல நின்னுது."

"வேலையில ஏதாவது மாத்தினீங்களா?"

"மாத்தினோமே! நோயாளி மணி அடிச்சதுக்கும் நாங்க கட்டிலுக்குப் போறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எடுத்துக்கிட்டோம். முன்னாடி ரொம்ப நேரம் ஆகும். இப்ப அடிச்ச உடனே போயிடறோம். கூட்டத்துல எங்க படத்தைப் போட்டுக் காட்டினாங்க. எங்க பெரிய டாக்டர் கைகுலுக்கினார் மேடம்."

முயல் 'ஆம்' கட்டத்தை அமுக்கினாள். அடுத்த கேள்வி, அந்த மாற்றம் என்ன என்பது.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது.

"இது யாருக்கும் போகாதுதானே?"

"போகாதுங்க. வாக்கு குடுத்திருக்கேன்."

"யார்கிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு ரொம்ப நாளா இருக்கு மேடம்." குரல் தணிந்தது. "முதல்ல நிஜமாத்தான் ஓடினோம். கோடு இறங்குச்சு. அப்புறம் ஒருத்தரை வேற வார்டுக்கு எடுத்துட்டாங்க. ஓய்வு நேரத்துல நானும் புதுசா வந்த ஒரு பொண்ணும்தான் மொத்த வார்டுக்கும். கோடு மறுபடி ஏற ஆரம்பிச்சுது. ஏன் ஏறுதுன்னு கூட்டத்துல எல்லாரும் பார்க்க என்னைக் கேட்டாங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அதுக்கப்புறம்... ஓயாம மணி அடிக்கிறவங்க சிலர் இருக்காங்க பாருங்க, அவங்க ஒயரை மட்டும் ஓய்வு நேரத்துல தலைக்கு மேல விளக்குத் தண்டுல சுத்தி விட்டுடறோம். சாயங்காலம் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி இறக்கிடுவோம். மணி அடிச்சாத்தானே மெஷின் நேரத்தை எண்ணும்."

முயலின் விரல் எழுத்துப் பலகையில் அப்படியே நின்றது.

"அவங்களுக்கு ஏதாவது அவசரம்னா?"

"நாங்க ஒரு சுத்து வருவோமே. கூப்பிட்டாக் கேக்கும். அதோ ஒரு அம்மா இருக்கு, இடுப்பு ஒடிஞ்சு வந்தது. இன்னைக்கு அதோட ஒயரைத்தான் முதல்ல கட்டினேன். ஃபேனைக் கூட்டுன்னு ஒரு மணி, குறைன்னு ஒரு மணி. வாய் இருக்கே, யப்பா! என்னை எக்ஸ்பிரஸ்னு கூப்பிடுது மேடம். எந்த ஸ்டேஷன்லயும் நிக்க மாட்டேனாம்."

ஹெட்போனுக்குள் அந்த வார்டின் அமைதி கேட்டது. மணி அடிக்காத அமைதி. அந்த அமைதிக்குள் எங்கோ அக்கா படுத்திருக்கிறாள், அவள் கை எட்டாத உயரத்தில் ஒயர் தொங்குகிறது. ஆனால் முயலின் குரல் இருக்கிறதே, அது பழக்கத்தில் தானாக ஓடியது: "நோயாளிகளுக்கு இதனால நன்மை உண்டா?"

"நேரம் குறைஞ்சிருக்கில்ல. உண்டுன்னே போட்டுக்குங்க" என்றது அந்தக் குரல். போன் வைக்கப்பட்டது.

முயல் ஹெட்போனைக் கழற்றினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, என் அக்கா கட்டிலில் மணி இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. யார் சொன்னது என்று கேட்பார்கள். அரை நாளில் அந்த சிஸ்டரிடம் போய் நிற்கும். யாருக்கும் போகாது என்று நம்பி வாயைத் திறந்தவர் வேலை போகும். அப்படிப் போனால் இனி எந்த ஆஸ்பத்திரியில் எவர்தான் இந்தப் போனில் உள்ளதை உள்ளபடி சொல்வார்? இதைவிடப் பெரிய பயம் இன்னொன்று அடியில் கிடந்தது. அவரைக் கோபப்படுத்திவிட்டு, அக்காவை அவர் கையிலேயே விட்டு வைக்க வேண்டும். ஊசி போடுவதும் அந்தக் கைதான், புரட்டிப் படுக்க வைப்பதும் அந்தக் கைதான். சொல்லாமல் இருந்தாலோ, அக்கா இந்த நிமிஷம் எழுந்துகொண்டிருக்கலாம்.

மேலாளர் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவர் திரையில் உள்ள எண்ணைப் பார்த்தார்.

"என்னம்மா, மணி வார்டா பேசினாங்க? அடடா! நம்ம அறிக்கையில முதல் பக்கமே அந்தப் படம்தான். பயிற்சிக்குப் பணம் குடுத்தவங்க பார்த்துட்டு அசந்துட்டாங்க. என்ன சொன்னாங்க?"

"மாத்தினோம்னாங்க சார்."

"நன்மை?"

"உண்டுன்னாங்க."

"பார்த்தீங்களா!" என்று அவர் தடுப்பின் மேல் ஒரு தட்டு தட்டினார். அந்தச் சத்தத்துக்கு அவள் துள்ளி எழுந்தே நின்றுவிட்டாள். நின்றதுதான் நின்றோம் என்று, "வயிறு சரியில்லை சார், வீட்டுக்குப் போகணும்" என்றாள். அதில் பொய் ஏதும் இல்லை. வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "சாயங்காலம் வாங்கம்மா. இப்ப ஓய்வு நேரம், ஈ எறும்பைக் கூட விடறதில்லை."

சாதாரணமாக, சீருடை போட்ட எவரைப் பார்த்தாலும் அவள் திரும்பி நடந்துவிடுவாள். அன்று கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"பயிற்சி மதிப்பீட்டு ஆபீஸ்லேருந்து வர்றேன். எலும்பு வார்டைப் பார்க்கணும்."

காவலாளி விறைப்பாக எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரி செய்தார். "சொல்லியிருந்தா முன்னாடியே கதவைத் திறந்து வெச்சிருப்பேனே மேடம்!" என்று ஓடிப்போய் லிப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். படியில் போகிறேன் என்று சொன்னால் சந்தேகப்படுவாரோ என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள். அந்தப் பெட்டி குலுங்கி நின்றபோதும் அவள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை.

வார்டுக் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியே பார்த்தாள். திரைகள் பாதி இழுத்து விட்டிருந்தன. அக்கா படுத்திருக்கவில்லை. ஒரு கையைக் கட்டில் கம்பியில் ஊன்றி, இன்னொரு கையை விளக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் கட்டிலுக்கு வெளியே வந்து, தரை தேடித் தொங்கியது. விளக்குத் தண்டில் ஒயர் நாலு சுற்று சுற்றி, அதன் நுனியில் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவின் நடுவிரல் அதைத் தொட்டும் தொடாமலும் தட்டியது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள் அக்காவையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இடுப்பு ஒடிந்து வந்தவர்தான், பேச்சு எப்போதோ போய்விட்டது. கண்ணால் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்.

இப்போது 'அக்கா' என்று அலறினால் அக்கா திடுக்கிட்டுத் திரும்புவாள். திரும்பினால் விழுவாள். முயல் செருப்பைக் கழற்றினாள். கதவைச் சத்தம் வராமல் தள்ளினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு இந்தப் பக்கமாகப் போய், முதலில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, மறு கையால் இடுப்பை அணைத்துப் பிடித்தாள்.

"அசையாதக்கா. நான்தான்."

அக்காவின் உடம்பு வேர்த்து நனைந்திருந்தது. எடை முழுவதையும் தங்கையின் மேல் சாய்த்தாள். ஒரு பட்டமும் கட்டவில்லை, ஒரு வசவும் வரவில்லை. "கூப்பிட்டேன்டி" என்றாள். அவ்வளவுதான். அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு குரலை முயல் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் அவள் அதிகமாகப் பயந்தாள்.

வார்டின் கோடியிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் கையில் மருந்துத் தட்டுடன் விரைந்து வந்தார். "யாரும்மா நீங்க? இந்த நேரத்துல எப்படி உள்ளே வந்தீங்க?"

"காலைத் தூக்கிப் படுக்க வைக்கணும், கொஞ்சம் பிடிங்க சிஸ்டர்" என்றாள் முயல்.

சிஸ்டர் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுக் காலைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அக்காவைப் படுக்க வைத்தார்கள். தலையணையைச் சரி செய்தபோதுதான் சிஸ்டரின் கை நின்றது. நிமிர்ந்து முயலைப் பார்த்தார். பேயறைந்த முகம்.

"அந்தக் குரல்... போன்ல பேசினது நீங்கதானே?"

முயல் ஆமென்று தலையை அசைத்தாள்.

"சொல்லிட்டீங்களா? யாருக்கும் போகாதுன்னீங்களே! வாக்குன்னீங்களே மேடம்!" சிஸ்டர் முயலின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இந்த வேலையை விட்டா எங்களுக்கு வேற கதி இல்லை."

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலை சிஸ்டர். சத்தியமா சொல்லலை. இது என் அக்கா."

சிஸ்டர் அக்காவைப் பார்த்தார், முயலைப் பார்த்தார், மேலே தொங்கிய பொத்தானைப் பார்த்தார். கட்டிலோரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்கு அதற்குள் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "என்னடி, எக்ஸ்பிரஸ் இன்னைக்கு என் கட்டில்லயே வந்து நின்னிருக்கு? தண்டவாளம் பழுதா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

முயல் எட்டி, ஒயரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் யுகம் ஆனது. பொத்தானை அக்கா கையில் வைத்தாள். தன் வேலை அதோடு முடிந்தது என்று அவள் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தாள். ஜன்னலோர அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விளக்கிலும் ஒயர் சுற்றியிருந்தது. அதற்கு அடுத்த கட்டிலிலும்.

"அவங்களோடதும் இறக்கிடலாமா சிஸ்டர்?" அதட்டிக் கேட்கவில்லை, கெஞ்சித்தான் கேட்டாள்.

சிஸ்டர் தானே எழுந்து போய் ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசி ஒயரை இறக்குவதற்குள் முதல் மணி அடித்தது, அடுத்தது, அதற்கடுத்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அமுக்கினார்கள். சிஸ்டரும் அந்தப் புதுப் பெண்ணும் பெட்பேனைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் ஓடினார்கள். விளக்குகள் அணைவதும் எரிவதுமாக இருந்தன. சிஸ்டர் உட்காரும் இடத்தில் மெஷின் எண்ணிக்கொண்டிருந்தது.

மணிகள் ஒருவழியாக ஓய்ந்த பிறகு, மாடிப்படி வளைவில் இருவரும் நின்றார்கள்.

"இன்னைக்குக் கோடு எங்கே ஏறிப் போகுதோ தெரியலை" என்றார் சிஸ்டர். "கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

முயல் அவர் முன்னால் வந்து நின்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன். வேண்டாம்னா வேண்டாம், இங்கேயே விட்டுடறேன். நீங்க சொன்னதை நான் எழுதட்டுமா? பேர் வராது. ஆனா மணின்னு எழுதினாலே எந்த வார்டுன்னு எங்க மேலாளருக்குத் தெரிஞ்சிடும். உங்க ஆஸ்பத்திரிக்கும் தெரிஞ்சிடும். அதை மறைச்சு உங்களை ஏமாத்த மாட்டேன்."

"எழுதினா என் வேலை போயிடும்."

"போகலாம். என்னோடதும் போகலாம்."

சிஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நீங்க உங்க அக்காவோட ஒயரை மட்டும் இறக்கிட்டுப் போயிருக்கலாமே. நான் இனிமே கட்டியிருக்க மாட்டேன்."

"அக்கா வீட்டுக்கு வந்த பிறகு, இந்தக் கட்டிலுக்கு வேற யாராவது வருவாங்களே சிஸ்டர்."

கீழே எங்கோ ஒரு தள்ளுவண்டி உருளும் சத்தம் வந்து, தேய்ந்து போனது.

"ரெண்டு பேர்தான் இருந்தோம்னு, அதையும் சேர்த்து எழுதுவீங்களா?"

"எழுதறேன்."

"முதல்ல ஓடினப்ப கோடு நிஜமாவே இறங்குச்சுன்னும் எழுதணும். பாடம் தப்பில்லை. நாங்க கத்துக்கிட்டது பொய்யில்லை."

"அதையும் எழுதறேன்."

"அப்ப எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, மனம் மாறிவிடுமோ என்று பயந்தவர் போலச் சிஸ்டர் விறுவிறுவென்று வார்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை முயல் எழுதினாள். கேள்விகளுக்கெல்லாம் கடைசியில், வேறு ஏதாவது சொன்னார்களா என்று ஒரு கட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளாக அதில் 'இல்லை' என்றே போட்டு வந்தவள், சிஸ்டர் சொன்னதைச் சொன்னபடியே நிரப்பினாள். மத்தியானத்துக்குள் மேலாளர் அறைக்குள் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. முகத்தில் ஈயாடவில்லை. "அறிக்கை அச்சுக்குப் போகப் போகுது. முதல் பக்கத்துல அந்தப் படம். இதைப் படிச்சா பணம் குடுத்தவங்க என்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க. அந்தக் கட்டத்தைக் காலி பண்ணிடுங்க. யாரும் அதைப் படிக்கப் போறதில்லை."

"அவங்க எழுதச் சொல்லித்தான் எழுதினேன் சார்."

"நான் அழிக்கச் சொல்றேன்."

"அதுல இருக்கறது நீங்க சொன்னது இல்லை சார், அவங்க சொன்னது. அழிக்கறதுன்னா அவங்கதான் சொல்லணும்." கதவு எந்தப் பக்கம் என்று ஒரு கண் பார்த்தாள், ஆனால் நகரவில்லை. "எண்ணிப் பார்க்காம நல்லா இருக்குன்னு சொல்லாதீங்கன்னு நம்ம பாடத்துலயே சொல்லிக்குடுக்கிறோமாம் சார். அவங்கதான் சொன்னாங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கும் பயம்தான். அவள் அதைப் பார்த்தாள், பார்க்காதது போல இருந்தாள். அப்புறம், "போய் வேலையைப் பாருங்க" என்றார். வேலையை விட்டுப் போ என்று சொல்கிறாரா, வேலையைச் செய் என்று சொல்கிறாரா என்று புரியாமல் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்திலிருந்து அந்தப் படம் போய்விட்டதாக அப்புறம் காதில் விழுந்தது.

கதை இங்கே சுபம் என்று முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். விஷயம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. சிஸ்டரை விசாரிக்க மேல்மாடி ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று முயல் மத்தியானமே அக்காவின் பக்கத்தில் இருந்தாள். அவள் இல்லாத ஓய்வு நேரம் அக்காவுக்கு இனிக் கிடையாது என்று பெரிய டாக்டரிடமே போய் நின்று அனுமதி வாங்கியிருந்தாள். வார்டில் அந்தப் புதுப் பெண் ஒருத்தி மட்டும் மணிக்கு மணி ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் முயலின் நெஞ்சு கதவுப் பக்கம் போய் வந்தது. தான் செய்தது சரிதானா என்று எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும், இரண்டு பெண் பிள்ளைகள் கண்முன் வந்து நின்றார்கள். பார்த்தே இராத பிள்ளைகள்.

"ஏன்டி இப்படி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கே? எக்ஸ்பிரஸுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் அக்கா. சொன்னவளின் கையும் போர்வையைக் கசக்கிக்கொண்டுதான் இருந்தது.

கதவு திறந்தது. சிஸ்டர் வந்தார். அழுது கழுவிய முகம். நேரே வந்து, யாரும் கேட்காமலே அக்காவின் கட்டிலருகில் நின்றார்.

"நான்தான் கட்டினேன்னு சொல்லிட்டேன். எழுத்துல கண்டிச்சிருக்காங்க. வேலை இருக்கு."

முயலுக்குக் காதில் விழுந்தது, நம்பச் சற்று நேரம் பிடித்தது. "வேற ஆள் குடுக்கறாங்களா?"

"கேட்டேன். பார்க்கலாம்னாங்க." சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். "அதுவரைக்கும் ரெண்டு பேர்தான்."

ஜன்னலோரத்தில் மணி அடித்தது. சிஸ்டர் போய்விட்டார்.

அக்கா வீட்டுக்கு வரும் வரை முயல் ஒரு ஓய்வு நேரத்தைக் கூட விடவில்லை. மத்தியானம் வந்துவிடுவாள், விட்டுப்போன போன்களை இருட்டும் வரை உட்கார்ந்து ஆபீஸில் முடிப்பாள். சிஸ்டரை நம்பவில்லையா என்றால், நம்பினாள். அவரைவிட நல்லவர் அந்த வார்டில் இல்லை என்று யாரிடமும் சண்டை போடத் தயாராக இருந்தாள். ஆனால் அந்த வார்டில் எத்தனை கட்டில், எத்தனை கை என்பதையும் அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.